விட்டுப் பிடிக்கிற அக்கா

பசுமலையில் ஒரு சின்ன மருத்துவமனையில் நான் பில் போடும் வேலை பார்த்தேன். ரத்தம் எடுக்கிற அறை என் மேசைக்கு நேர் எதிரே. அதற்குக் கதவு கிடையாது, ஒரு பச்சைத் திரைதான். காற்றுக்குத் திரை விலகும்போதெல்லாம் அங்கே ரத்தம் எடுக்கிற அக்கா வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். அப்படிப் பதினோரு வருஷம் பார்த்தேன்.

குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பது பெரிய பாடு. மற்றவர்களென்றால் அம்மாவைக் காலைப் பிடிக்கச் சொல்வார்கள், அப்பாவைக் கையைப் பிடிக்கச் சொல்வார்கள், அரை நிமிஷத்தில் குத்தி எடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அக்கா யாரையும் பிடிக்கச் சொன்னதில்லை. ஒரு தடவை செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ஆறு வயதுப் பிள்ளை ஒன்று காய்ச்சலோடு வந்திருந்தது. நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டு வர மாட்டேன் என்று கத்தல். அப்பன்காரர் கையை ஓங்கினார். அக்கா அவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்ட ஆரம்பித்தார். பிள்ளையோடு பேசக்கூட இல்லை. வெளியே பன்னிரண்டு பேர் சீட்டோடு நிற்கிறார்கள். டாக்டரே எழுந்து வந்து என்னவென்று கேட்டார்.

"விட்டுப் பிடிப்போம் சார், அஞ்சு நிமிசம்" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

அஞ்சு நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. கடைசியில் அந்தப் பிள்ளை தானாக வெளியே வந்து, கையை நீட்டி, "மெதுவா" என்றது. கை நீட்டியதுதான் தாமதம், அக்கா கண் மூடித் திறப்பதற்குள் எடுத்து முடித்துவிட்டார். அவ்வளவு நேரம் காத்திருந்தவருக்கு அந்த ஒரு நொடியில் அப்படி ஒரு வேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

'விட்டுப் பிடிப்போம்' என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். லிஃப்ட் வரவில்லையென்றாலும் அதுதான், மேலதிகாரி கோபமாக இருந்தாலும் அதுதான். ஒல்லியான உருவம். கையில் ஆம்பளைக் கடிகாரம், அவர் வீட்டுக்காரருடையது. ஆள்காட்டி விரலில் எப்போதும் ஒரு பிளாஸ்டர். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து, "உங்களுக்கே குத்திக்கிட்டீங்களா?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொள்வார். அது தூண்டில் நரம்பு அறுத்த காயம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மதுரையில் கடல் ஏது? அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கடல் ஒன்று இருந்தது. அவர் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். ராமநாதபுரத்தைத் தாண்டி ஒரு மீனவர் ஊரில் அவருக்கு இரவு ஹால்ட். மறுநாள் காலை வண்டி எடுக்கும் வரை பொழுது போகாமல் தூண்டில் போடப் பழகியிருக்கிறார். லீவு நாளில் அக்காவும் கூடப் போய்க் கற்றுக்கொண்டார். நாற்பத்தொன்பது வயதில் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனபோது வீட்டில் மிச்சமிருந்தது ஒரு பிஸ்கட் டப்பா. அதில் தங்கூசி நரம்பு, தூண்டில் முள், ஈயக்குண்டு. மூன்றாம் மாதமே அக்கா அதை எடுத்துக்கொண்டு காலை ரயிலேறிவிட்டார். சொந்தக்காரர்கள் என்னென்னவோ பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நானும் கூடப் போக ஆரம்பித்ததற்குக் காரணம் என் வீட்டுச் சண்டை. என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு உசிலம்பட்டியில் இருக்கும் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான் நாளைக்கு நாற்பது தடவை போன் போட்டேன். அக்கா என் போனைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, டியூட்டி முடிந்துதான் தருவார். "ஏத்தா, கூப்புடக் கூப்புட உள்ளதான் போவாரு. விடு. ஞாயித்துக்கெழமை என்கூட வா" என்றார். பத்தொன்பதாவது நாள், ஒரு பை நிறைய வெள்ளரிப் பிஞ்சோடு வாசலில் வந்து நின்று, "சோறு இருக்கா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அதற்கப்புறம் அக்கா சொல்வது எனக்கு வேதவாக்கு.

அந்த மீனவர் ஊரில் ஒரு பழைய ஜெட்டி. படகு அணைவதற்காக எப்போதோ கட்டியது. பக்கத்தில் புதிதாக ஒன்று வந்த பிறகு இதை யாரும் கவனிக்கவில்லை. முன்பாதி ஒரு புயலில் இடிந்து கடலுக்குள் விழுந்துவிட்டது. தூண்களெல்லாம் தண்ணீருக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றின் மேலும் சிப்பி ஒட்டிக் கத்தி மாதிரி இருக்கும். முழுகிப்போன வள்ளம் ஒன்றும் அங்கே உண்டு. உள்ளூர் ஆட்கள் அந்தப் பக்கம் தூண்டில் போட மாட்டார்கள். முள் சிக்கும், நரம்பு அறும், நஷ்டம். அவர்கள் தள்ளிப் போய் மணலில் போடுவார்கள். அக்கா நேராக இடிபாட்டுக்குள்தான் இறக்குவார்.

"மீனு வீட்டுலதானே இருக்கும்? வெட்டவெளியில நின்னுக்கிட்டா இருக்கும்?" என்பார்.

கண்ணால் பார்க்க முடியாத அந்த இடம் முழுக்க அவர் விரலுக்குத் தெரியும். நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டு ஈயத்தைத் தரையில் தட்டித் தட்டிச் சொல்வார். மெத்தென்று இருந்தால் மணல், டொக்கென்றால் கல், நறநறவென்றால் சிப்பி. இங்கே ஒரு தூண் படுத்திருக்கிறது, அதற்குக் கிழக்கே ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குச் சந்து, அதைத் தாண்டினால் வள்ளத்தின் முதுகு. என் விரலில் போட்டுப் பார்த்தால் எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முள் சிக்கினாலும் இழுக்க மாட்டார். நரம்பைத் தளரவிட்டு, ஜெட்டியின் மறுபக்கத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து லேசாகச் சுண்டுவார். பாதிக்கு மேல் வந்துவிடும்.

ஒரு தடவை பெரிய களவா மீன் ஒன்று கடித்தது. களவாவுக்கு ஒரு குணம் உண்டு. கடித்தவுடன் பொந்துக்குள் ஓடிப்போய், செவுளை விரித்து, முதுகு முள்ளை நிமிர்த்திக்கொண்டு உள்ளேயே இறுகிவிடும். எவ்வளவு பலசாலி இழுத்தாலும் வராது, நரம்புதான் அறும். அக்கா நரம்பை மூன்று முழம் தளரவிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "அது போயிருச்சுக்கா, அறுத்துவிடுங்க" என்றார் ஒருவர். அக்கா ஒரு கையால் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சோறு சாப்பிட்டார். நாற்பது நிமிஷம் இருக்கும். திடீரென்று டிபன் பாக்ஸ் உருண்டது, அக்கா எழுந்து நின்று கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். மேலே வந்தபோது அது என் முழங்கை நீளம். வேடிக்கை பார்த்தவர்கள் வலைக்குத் திரும்பிப் போனார்கள்.

அன்றைக்குத்தான் அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். அத்தனை நாள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"ஒரு மக. திருப்பூர்ல இருக்கா" என்றார். மீனைக் கழுவிக்கொண்டே மீதியைச் சொன்னார்.

அப்பா இறந்து எட்டு மாதத்தில், கல்லூரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் கடிதம் எழுதி வைத்துவிட்டு ஒரு பையனோடு போய்விட்டாள். வேறு சாதிப் பையன், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மறுநாளே அக்காவின் கொழுந்தன்மார் ஒரு காரில் கோச்சடை வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். புகார் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், முடியைப் பிடித்து இழுத்து வந்துவிடுவோம் என்றார்கள். அக்கா போடவில்லை. ராத்திரி வரை உட்கார்ந்து மிரட்டிப் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள்.

"நீங்க இழுத்துட்டு வந்தா அவ பொணமாத்தான் வருவா. விட்டா ஒரு நா அவளா வருவா" என்று சொல்லியிருக்கிறார். அன்றோடு அந்தச் சொந்தம் முழுக்க அறுந்தது. நல்லது கெட்டதுக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. அக்காவுக்கு அது பெரிதாக இல்லை. மகள் உயிரோடு, ஒரு வீட்டில், ஒரு மனுஷனோடு இருக்கிறாள். அது அக்கா அன்றைக்குப் போடாத கையெழுத்தால்தான். இதை நான் யாரிடமும் எங்கேயும் சொல்வேன்.

அதற்குப் பிறகு அக்கா காத்திருக்க ஆரம்பித்தார். கடிதம் இல்லை, போன் இல்லை. மகள் முதலில் பேசட்டும், அவளுக்கு அவகாசம் வேண்டும், நாம் முந்திக்கொண்டு போனால் பயந்துபோவாள் என்று ஒரு கணக்கு. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தூரத்து உறவுக்காரர் ஒருவர் வந்து சொல்லி விலாசமும் கொடுத்தார். அந்தச் சீட்டை அக்கா பிஸ்கட் டப்பாவில் முள்ளுக்கு அடியில் மடித்து வைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் டப்பாவைத் திறக்கும்போது நான் அதைப் பார்ப்பேன்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "விட்டது அஞ்சு வருசம். பிடிக்கிறது எப்பக்கா?"

அக்கா தூண்டிலை மேலே இழுத்தார். நரம்பைச் சுற்றினார், டப்பாவை மூடினார், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். மணி பத்துகூட ஆகவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் பச்சைத் திரையை விலக்கி, "நாளைக்கு வாரியா?" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி. நானும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

அக்கா குடியிருந்தது மாடி. கீழ்வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். சொல்லிக்கொண்டு போக மேலே வந்த அந்த அம்மா, போகிற போக்கில் சொன்னார்.

"மறந்தே போச்சுக்கா. ரெண்டு மூணு வருசம் இருக்கும். நாங்க குடிவந்த புதுசு, பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கெழமை. ஒரு பொண்ணு கைக்குழந்தையோட ஒங்களத் தேடி வந்துச்சு. நீங்க மீன் பிடிக்கப் போயிட்டீங்கன்னு சொன்னேன். யாருன்னு கேட்டதுக்குத் தெரிஞ்சவங்கன்னுச்சு. சாயந்தரம் வரைக்கும் இந்தப் படியிலதான் உக்காந்திருந்துச்சு. பிள்ளைக்குத் தண்ணி மட்டும் வாங்கிக் குடுத்துச்சு."

அக்கா எந்தப் படி என்று கேட்டார்.

மேலேயிருந்து நாலாவது படியை அந்த அம்மா காட்டினார். கண்ணாடி போட்டிருந்தாளா என்று கேட்டார் அக்கா. ஆமாம், ஒல்லியாக, கண்ணாடி போட்ட பெண். எத்தனை மணிக்குப் போனாள்? ஆறு ஆறேகால் இருக்கும்.

எனக்கு அந்த ஞாயிறு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு மீன் விடாமல் கடித்தது. கிளம்பலாம் என்று அக்கா சொன்னபோது, இன்னும் ஒரு மணி நேரம் இருப்போம் என்று கெஞ்சியது நான்தான். அக்கா சிரித்துக்கொண்டே மறுபடி நரம்பை அவிழ்த்தார். நாங்கள் கோச்சடைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழு.

கீழே லாரி கிளம்பிப் போயிற்று. அக்கா அந்த நாலாவது படியில் போய் உட்கார்ந்தார். இன்னும் ஒரு மணி நேரம் என்று நான் கெஞ்சியது அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் அப்போதும் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "காலையில திருப்பூர் போறேன். கூட வா" என்றார்.

ஆரப்பாளையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். பஸ் முழுக்க அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தார். வேர்வையில் எழுத்து கலைந்துவிடும் என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். ஒரே மாதிரி வரிசை வீடுகள். மூன்றாவது வீட்டு வாசலில் நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று பனியன் துணிக் கழிவுகளை நிறம் நிறமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தது.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன். கத்துவாள், அழுவாள், கதவைச் சாத்துவாள் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. "வாங்கம்மா. உள்ள வாங்க" என்றாள். ஃபேனைப் போட்டாள். பாய் விரித்தாள். எனக்கும் அக்காவுக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பிஸ்கட் வாங்கப் போனார். குழந்தை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்தது.

டீ ஆறும்வரை அக்கா டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அக்கா சொன்னார், "அன்னைக்கு நீ வந்தது எனக்கு நேத்துத்தான் தெரியும்த்தா."

"பரவால்லம்மா."

"யாருமே சொல்லல."

"சொல்லியிருந்தா மட்டும் வந்திருப்பீங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இங்க வந்த புதுசுல தெருவுல ஆட்டோ சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் பாப்பேன். நீங்க வந்து நாலு அடி அடிச்சு, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும்னு நெனப்பேன். சித்தப்பா வர்றாங்கன்னா பயம். நீங்க வந்திருந்தா வந்திருப்பேம்மா. அம்மா ஒரு தடவ தேடி வரட்டும்னு மூணு வருசம் பாத்தேன். அப்புறம் நானே பிள்ளையத் தூக்கிட்டு வந்தேன். மீன் பிடிக்கப் போயிருக்காங்கன்னு சொன்னாங்க. சரி, அம்மா நல்லாத்தான் இருக்காங்கன்னு திரும்பி வந்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். நான் சொல்லவில்லை.

அங்கே ஒன்றரை மணி நேரம் இருந்தோம். குழந்தையை அக்கா கைநீட்டிக் கூப்பிட்டார். நான் அவரிடம் அப்படிப் பார்த்ததேயில்லை. இரண்டு கையையும் நீட்டி, "வாத்தா, வாத்தா" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அது இன்னும் பின்னால் போய் நின்றுகொண்டது. புறப்படும்போது மகள் வாசல்வரை வந்தாள். பார்த்துப் போங்கள், ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கள் என்று நம்பர் எழுதிக் கொடுத்தாள். விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி ஒரு குறையும் இல்லாமல் செய்தாள்.

தாராபுரம் தாண்டியபோது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே கேட்டார்.

"அவ என்னைய நீங்கன்னு சொல்றா. கவனிச்சியா?"

கவனித்தேன் என்றேன்.

"பேசப் பழகுனதுல இருந்து வா, போ, நீ தான். அம்மாவ மரியாதையா பேசுன்னு அவ டீச்சர்கூடத் திட்டிருக்கு. அவுக அப்பாவ நீங்கம்பா. என்னைய ஒரு நாகூட அப்படிச் சொன்னதில்ல." அப்புறம் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நடத்துனர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அக்கா கடலுக்குப் போகவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு, மகள் வரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், திருப்பூர் போனார். மூன்றாம் தடவை போனபோது குழந்தை மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை பஸ் நிலையம்வரை வண்டியில் கொண்டுவந்து விடுவார். மகள் நன்றாகச் சமைத்துப் போடுவாள், நன்றாகப் பேசுவாள். திங்கட்கிழமை காலையில் அக்கா வந்ததும் நான் பில் மேசையிலிருந்து முகத்தைப் பார்ப்பேன். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரைக்குள் போவார். அப்படி மூன்று வருஷம்.

ஒரு பங்குனி மாதம், தூக்கத்திலேயே போய்விட்டார். கதவை உடைத்துத்தான் பார்த்தோம். மகளுக்கு நான்தான் போன் பண்ணினேன். மத்தியானத்துக்குள் குடும்பத்தோடு வந்துவிட்டாள். வந்தவள் மாடிப்படி ஏறி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அழவில்லை. நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து ராத்திரி அம்மா சாப்புட்டுச்சா, இல்ல பட்டினியாப் படுத்துருச்சா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தார் என்றேன். அவள் குனிந்து அக்காவின் காதோரம், "நீ ஏம்மா என்கிட்ட ஒண்ணுமே சொல்லல?" என்றாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தாள், தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வரும்வரை.